அங்கோராவுக்கு எண்ணெய்க் குளியல்

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று: பூனைக்கு முடி வாருவது.

பூனையின் பெயர் பிளான்ஷ்; பிரெஞ்சில் ‘வெள்ளை’ என்று பொருள். நீளமுடி கொண்ட வெள்ளை அங்கோரா சாதி. எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த மதாம், பிரான்சுக்கே திரும்பிப் போவதால், எங்களுக்கே கொடுத்துவிடலாமா என்று அதை ரெட்டியார்பாளையம் வீட்டில் ஒரு மாதம் விட்டுப் பார்த்தார். கூடவே அதன் வம்சாவளித் தாளும் வந்தது. நான்கு தலைமுறைப் பெயர்கள்! எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். என் கொள்ளுத்தாத்தா பெயர் அப்பாவுக்கே தெரியாது.

அன்று மாலை நான்கு மணிக்கு மதாம் வருகிறார். முடியில் ஒரு சிக்கு இருந்தாலும் பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவாராம்.

கொடுக்க எங்களுக்கு மனசு வருமா? யார் தூக்கினாலும் ஈரத்துண்டு மாதிரி தோளில் தொங்கும். கோபமே வராது. ஆலையிலிருந்து வரும் அப்பா, செருப்பைக் கழற்றும் முன்பே அதைத்தான் தேடுவார்.

சீப்பை எடுத்தேன். காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு. எலுமிச்சங்காய் அளவு!

எனக்கு வியர்த்துவிட்டது.

“என்னாடா, பரீட்சைக்குப் போறவன் மாதிரி முழிக்கிற?” என்றாள் அம்மா.

“சிக்கும்மா!”

“சிக்கு விழுந்தா எண்ணெ வைக்கணும். பி.ஏ. படிச்சவனுக்கு இதுகூடவா தெரியாது?”

மதாம் எழுதிக்கொடுத்த குறிப்பை மூன்று முறை படித்தேன். பால் சூடாக இருக்கக் கூடாது. மீனில் முள் இருக்கக் கூடாது. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

“தடை ஒண்ணும் இல்லம்மா” என்றேன், மிகக் கவனமாக.

ஒரு சொட்டு என்றுதான் நினைத்தேன். அம்மா அரைக் கிண்ணம் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து, உச்சந்தலையிலிருந்து வால் நுனிவரை தேய்த்தாள். பிளான்ஷ் கண்ணை மூடிக்கொண்டு குர்குர் என்றது. சிக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

பூனையும் போய்விட்டது! அத்தனை பெரிய பூனை வெறும் முடிதானாம். உள்ளே இருந்தது ஒரு மூஞ்சூறு.

எண்ணெய் போக சீயக்காய். வெள்ளைப் பூனை டீ நிறத்துக்கு வந்தது. “இன்னும் பிசுக்கு போவல” என்று அம்மா இன்னொரு கை தேய்த்தாள். காப்பி நிறம்.

“போதும்மா!”

ஈரம் காயணுமே! கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணி போட்டு, மேலே பூனையை உட்காரவைத்தாள். மூன்று தும்மல். மற்றபடி மகாராணி.

ஷிப்டு முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். “இது யாரு ஊட்டுப் பூனை? நம்ம புள்ள எங்க?”

“இதாங்க உங்க புள்ள. தலைக்கு ஊத்தியிருக்கேன். கண்ணு பட்டுடும்” என்ற அம்மா, அதன் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தாள்.

வாசலில் ரிக்‌ஷா மணி. மூன்றரைக்கே வந்துவிட்டார்!

மதாம் புகையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடைமேல் இருந்ததைப் பார்த்தார். “பிளான்ஷ் எங்கே?”

எனக்குப் பொய் சொல்ல வராது. எல்லாவற்றையும் பிரெஞ்சில் ஒப்பித்தேன். சீயக்காய்க்கு வார்த்தை கிடைக்காமல் என் தலையிலேயே தேய்த்துக் காட்டினேன். மதாமின் முகம் சிவந்தது.

அப்பா பூனையைத் தூக்கிக் கொடுத்தார். மதாம் உட்கார்ந்து அதை மடியில் வைத்து, அதன் காதுக்குப் பின்னால், வயிற்றடியில், வாலில் எல்லாம் விரலை விட்டுத் தேடினார். ஒரு சிக்குக்கூட இல்லை!

பிளான்ஷ் அவர் மடியிலிருந்து மெதுவாக இறங்கியது. நேரே அம்மாவிடம் போய், இன்னும் கொஞ்சம் தேய் என்பதுபோல் தலையை நீட்டியது.

மதாம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சாம்பிராணிப் புகையாகவும் இருக்கலாம். “இது இங்கேயே இருக்கட்டும்” என்றார் பிரெஞ்சில். நான் தமிழில் சொல்வதற்குள் அப்பா பூனையை அள்ளிக்கொண்டார்.

அம்மா மட்டும் மதாமின் தலைமுடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பிடி வறண்டு கெடக்கு பாரு! எண்ணெ இன்னும் மீதி இருக்கு. இவங்களையும் மணைமேல உக்காரச் சொல்லுடா.”

“கப்பலில் பத்திரமாகப் போய்ச் சேருங்கள் என்கிறார் அம்மா” என்று மொழிபெயர்த்தேன்.