சேவல்களுக்கு ஒரு சாவு ஊர்வலம்

டெச்சிமான் கால்பந்து மைதானத்து வாசலில் போக்குவா வந்து நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ அவள் கையில் ஒரு சவப்பெட்டியின் மூலையைக் கொடுத்துவிட்டார்கள்.

"கெட்டியாப் பிடி அக்கா! விட்டுடாத!"

பெட்டி கனக்கவில்லை. உள்ளே யாரும் இல்லை. மேலே மஞ்சள் எழுத்தில், 'டெச்சிமான் சேவல்கள். மறைவு: இன்று மாலை ஐந்து மணி' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் ஐம்பது பேர் கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி உடுத்திக்கொண்டு, மார்பில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் அணியான சேவல்களைத் தோற்கடிக்கப் போகிறோம் என்ற தெம்பில் வெஞ்சியிலிருந்து இரண்டு லாரிகளில் வந்திறங்கிய எதிரணி ரசிகர்கள்.

போக்குவாவும் கறுப்பும் சிவப்புமாகத்தான் வந்திருந்தாள். அவள் துக்கம் மட்டும் நிஜம். கணவர் பெடியாக்கோவைப் புதைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஒன்பது வருடமாக, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, பெடியாக்கோ தங்கள் ஊரான குமாசியில் பஸ் ஏறி இந்த இரண்டாம் டிவிஷன் சேவல்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். அவளை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. வீட்டில் அவரைவிட மின்விசிறி அதிகம் பேசும். அடக்கத்துக்கு டெச்சிமானிலிருந்து ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. மழையால் நின்றிருந்த ஆட்டங்கள் இன்று மறுபடி தொடங்குகின்றன என்று ரேடியோவில் கேட்டதும், தானே நேரில் சொல்லிவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

"தம்பி, நான் உங்க ஆளு இல்லப்பா" என்றாள் பக்கத்தில் நின்ற மேளக்காரனிடம். "நிஜமாவே என் புருஷன் செத்துட்டாரு."

"கேட்டீங்களாடா? நிஜமாவே செத்துட்டாராம்!" மேளக்காரன் துள்ளினான். "என்னமா வருது அக்காவுக்கு! இன்னொரு தடவ சொல்லு, சத்தமா!"

போக்குவாவுக்கு அழுகை வந்துவிட்டது. சொந்த வீட்டில், அத்தனை உறவுக்காரர்கள் முன்னால், 'இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு' என்று அவர்கள் கிசுகிசுத்தபோதும் வராத அழுகை.

ஐம்பது பேரும் கைதட்டினார்கள்.

"இதுதான்டா அழுகை! நீங்கள்லாம் வெங்காயம் உரிச்ச மாதிரி அழுவுறீங்க. அக்காவ முன்னாடி விடு, முன்னாடி விடு!"

பெட்டியின் தலைமாட்டுக்கு அவளைத் தள்ளி, ஊர்வலமாக மைதானத்துக்குள் போனார்கள். அவள் மூலையை அப்படியே போட்டுவிட்டு, மஞ்சள் சட்டைகள் நிறைந்த எதிர்ப்பக்கம் ஓடினாள். கணவரின் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள்.

"வெஞ்சிக்காரி நம்ம பக்கம் வர்றாடா!"

முதல் தண்ணீர்ப் பாக்கெட் தோளில் வெடித்தது. இரண்டாவது நெற்றியில். சிவப்புத் தலைத்துணிதான் வம்பு என்று நினைத்து அவள் அதை அவிழ்த்து, சண்டைக்கு வரவில்லை என்று காட்ட உயர்த்தி ஆட்டினாள்.

"கொடி வேற ஆட்டுறா, திமிரப் பாரு!"

அதற்குப் பிறகு பாக்கெட்டுகள் எண்ணிக்கையில்லாமல் வந்தன.

ஒலிபெருக்கியும் கையுமாகச் சேவல்களின் ரசிகர் தலைவன் அட்டாகோரா பார்வையாளர் படிகளில் இறங்கி வந்தான். "நிறுத்துங்கடா. யாரும்மா நீ? என்ன வேணும்?"

"பெடியாக்கோ விஷயமா வந்தேன்யா. அவர் செத்துட்டாரு."

அட்டாகோராவின் முகம் கறுத்தது. "ஒரு அளவு வேணாமா உங்களுக்கு? டீமக் கொன்னீங்க, சரி, விளையாட்டு. இப்ப ஆளையும் கொல்றீங்களா?" ஒலிபெருக்கியை வாயில் வைத்தான். "கேட்டுக்குங்க! வெஞ்சிக்காரங்க நம்ம பெடியாக்கோ அண்ணனையே சாகடிச்சுட்டாங்களாம்!"

மைதானமே அதைக் கேட்டது. பெடியாக்கோ யாரென்று வெஞ்சிக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் மஞ்சள் சட்டைகளுக்கு எரிகிறது என்பது தெரிந்துவிட்டது. அது போதாதா?

"ஐயோ பெடியாக்கோ! எங்களை விட்டுப் போனியே பெடியாக்கோ!"

மேளம் பொரிந்தது. பெட்டியைத் தோளில் தூக்கி, குலுக்கி, சுற்றிச் சுற்றி ஆடினார்கள். தன் புருஷன் பெயரைச் சொல்லி ஆடும் அந்தப் பெட்டியைப் போக்குவா பார்த்துக்கொண்டே நின்றாள். நிஜமான அடக்கத்தன்றுகூட இத்தனை பேர் இல்லை.

"நான் பொய் சொல்லல" என்றாள்.

"பொய்யா இல்லையான்னு இப்பவே தெரிஞ்சிடும். அண்ணனுக்கே போன் போடுறேன். அவரே உனக்கு நாலு வார்த்தை சொல்லட்டும்."

அட்டாகோரா எண்ணை அழுத்தி, போனை ஒலிபெருக்கியின் வாயில் வைத்தான்.

போக்குவாவின் கைப்பைக்குள் ஒரு சேவல் கூவியது.

திரைப் பூட்டைத் திறக்கத் தெரியாமல், யாராவது கூப்பிட்டால் விவரம் சொல்லலாம் என்று மூன்று வாரமாக அவள் சார்ஜ் போட்டுக் கையோடு வைத்திருந்த கணவரின் போன். வெளியே எடுத்தாள். மஞ்சள் சட்டைகள் ஒவ்வொன்றாக அடங்கின. எதிர்ப்பக்கம் மேளம் கடைசியாக நின்றது. இணைப்பைத் துண்டிக்க அட்டாகோராவுக்குக் கை வரவில்லை. சேவல் தானாக ஓயும்வரை கூவியது.

"எப்பம்மா?" அட்டாகோரா படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மூணு வாரமாச்சு. தூக்கத்துலயே."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலப்பா."

மேளக்காரன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தான். கீழே கிடந்த தலைத்துணியை உதறி, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தான். "தெரியாமப் பண்ணிட்டோம் அக்கா." அவன் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான். வெங்காயம் தேவைப்படவில்லை.

வேர்க்கடலை விற்கும் பெண்மணி ஒருத்தி தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். தன் முந்தானையால் போக்குவாவின் முகத்துத் தண்ணீரைத் துடைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அவருக்கு என்ன வேணும் தாயி? தங்கச்சியா?"

"பொண்டாட்டி. போக்குவா."

கடலைக்காரி பிடித்த கையை வெடுக்கென்று விட்டாள்.

"போக்குவாவா? அந்த மகராசி செத்து ஒன்பது வருஷமாச்சேம்மா! போன ஈஸ்டருக்குக்கூட அவ நினைவுநாள்னு எங்க எல்லாருக்கும் கோழியும் சோறும் போட்டு, அவள மாதிரி ஒருத்தி உண்டான்னு சொல்லிச் சொல்லி அந்த மனுஷன் அப்படி அழுதாரே!"