எங்கட வீடு எப்பவும் இப்படித்தான்

மாமாங்கேஸ்வரர் துணை

மோர்னிங்சைட்,
ரொறன்ரோ.

பெருமதிப்புக்குரிய மச்சான் சண்முகநாதன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை தெய்வநாயகியின் புருசன் கனகசிங்கம் சொல்ல, முன்வீட்டுக் கிளடிஸ் ரீச்சர் எழுதும் கடிதம். நாங்கள் இருவரும் சுகம். மிசிசாகாவில் மகள் துர்க்காவோடு இருக்கும் உங்களுக்கும் சுகமும், முழங்காலுக்கு நல்ல பலமும் கிடைக்க வேண்டும். இருபது வருசமாகப் பேசாத ஒருவன் முழங்காலை விசாரிக்கிறானே என்று யோசிக்க வேண்டாம். பேசாமல் இருந்தேனே தவிர, விசாரிக்காமல் இருக்கவில்லை.

கடிதத்தின் தலையில் திகதி போட வேண்டும் என்கிறா ரீச்சர். எனக்கு எழுத்தும் தெரியாது, திகதியும் தெரியாது. ரொறன்ரோவில் ஸ்னோ அள்ள ஆமி வந்த வருசம் என்று போடுங்கள், மச்சானுக்கு விளங்கும் என்றேன். தை மாதம் ஸ்னோவை அள்ளி முடியாமல் நகரசபை ஆமியைக் கூப்பிட்டதாம். அதை எங்களுக்கு ஆர் சொன்னது? யன்னலால் பச்சை வண்டியைக் கண்ட தெய்வநாயகி, ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடின பழக்கத்தில், பாஸ்போட், சுகர் குளிசை, தாலிக்கொடி மூன்றையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு பின்கதவடியில் போய் நின்றா. "எங்க போறாய்?" என்றேன். "கோயிலுக்கு." "எந்தக் கோயிலுக்கு?" "எந்தக் கோயிலெண்டாலும் சரி. நடங்க!" பின்கதவுக்கு வெளியே இடுப்பளவு ஸ்னோ. அதனால்தான் நாங்கள் இன்னும் இதே விலாசத்தில் இருக்கிறோம்.

அந்த மாதம் ஹீற்றுக்கு வந்த பில்லில் சிவப்பு எழுத்து இருந்தது. எழுத்துத் தெரியாதவனுக்கும் சிவப்புத் தெரியும். கட்டாவிட்டால் வெட்டுவோம் என்று போட்டிருக்கிறதாம். மகன் யசிந்தன் வேலை தேடிக் கல்கரிக்குப் போனபிறகு இந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாடகை வேறு, ஹீற்று வேறு. ஹீற்றைக் குறைத்துவிட்டுக் கோட்டும் தொப்பியுமாகக் கதிரையில் இருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அது பெரிதில்லை. தெய்வநாயகிக்கு இழுப்பு. மூச்சு விடும்போது எண்ணெய் போடாத கதவு மாதிரிச் சத்தம் வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டு இருக்கேலாது மச்சான்.

வருமானம் குறைந்தவர்களின் ஹீற்றுச் செலவுக்கு அரசாங்கம் உதவி செய்யும் என்று ரீச்சர்தான் கண்டுபிடித்து ஒரு ஒபிசுக்குக் கூட்டிக்கொண்டு போனா. படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கிறேன் என்றேன். அந்தப் பெரிய ஒபிசில் மை இல்லை. பேனையை உடைத்து மை எடுத்தோம். என் விரலிலும் பட்டது, ரீச்சரின் கையிலும் பட்டது, அந்த ஒபிஸ் மேசையிலும் பட்டது. படிவத்தைப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உதவி கேட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் எடுத்தார்கள். எமில்டா என்ற அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்து வீடு எவ்வளவு குளிர் என்று பார்த்து எழுதுவா, எழுதினால் உதவி வரும் என்றார்கள். வெளியே வந்ததும் ரீச்சர் சொன்னா: "கனகசிங்கம் அண்ணன், நீங்க ஒண்டும் செய்ய வேணாம். இருக்கிற மாதிரி இருங்க. அது போதும்."

இருக்கிற மாதிரி இருக்கிறது உங்கள் தங்கையால் முடிகிற காரியமா? திங்கட்கிழமை காலையே தொடங்கிவிட்டா. "வீடு தேடி வாற மனிசிய விறைக்க வச்சு அனுப்புறதா? எங்களப் பத்தி அவ என்ன நினைப்பா?" "குளிருது எண்டு நினைப்பா. அதுக்குத்தானே வாறா." "அதுதான் கடதாசியில சொல்லியாச்சே. ஆளுக்கும் காட்டணுமா?" இதற்கு மறுமொழி உங்களிடம் இருந்தால் எழுதுங்கள் மச்சான். ஹீற்றைக் கை போன அளவுக்குத் திருப்பினா. பக்கத்து வீட்டுப் பேபியிடம் கரண்ட் ஹீற்றரை இரவல் வாங்கி வந்து முன்னறையில் வைத்தா. அடுப்புக்குக் கீழே இருக்கிற போறணையின் கதவைத் திறந்துவிட்டா. நாலு அடுப்பிலும் நாலு பானை தண்ணி கொதிக்கிறது, ஒரு பானையை இறக்கிவிட்டு அந்த அடுப்பில் பால்ரொட்டி சுடுகிறா, செவ்வாய் விடிய சுவரெல்லாம் வேர்த்து வடிகிறது, யன்னல் கண்ணாடியில் தண்ணி ஓடுகிறது, நான் கார்த்திகை மாதத்துக்குப் பிறகு முதல்முதலாகச் சாரமும் பனியனுமாக நிற்கிறேன், உள்ளே வந்த ரீச்சர் வாசலிலேயே நின்று, "ஐயோ தெய்வநாயகி, என்ன வேலை பாத்திருக்கீங்க!" என்று தலையில் கை வைக்க, பின்னால் எமில்டா வந்துவிட்டா.

நல்ல மனிசி. வந்தவுடன் கோட்டைக் கழற்றினா. கொஞ்சம் பொறுத்துச் சுவெற்றரையும் கழற்றினா. கையில் கொண்டுவந்த சின்னக் கருவியைப் பார்த்தா, தட்டிப் பார்த்தா, திரும்பவும் பார்த்தா. குடிக்கக் குளிர்ந்த தண்ணி கேட்டா. தெய்வநாயகி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமை இருந்ததே, அதைத்தான் சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துக் கதவில் தட்டுகிறது. பேபி.

"அன்ரி, குறை நினையாதேங்கோ, ஹீற்றரை ஒருக்காத் தாறீங்களோ? எங்கட வீட்டுக்குள்ள வாயைத் திறந்தாப் புகை வருது."

என்ன சொல்கிறா என்று எமில்டா கேட்டா. ரீச்சர் வாயைத் திறக்க முதல் தெய்வநாயகி முந்திக்கொண்டா: "ரீச்சர், எங்கட ஹீற்றர இரவல் கேட்டு வந்திருக்கா எண்டு சொல்லுங்க." பொய் சொல்லக்கூடாது என்று முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ரீச்சர், கண்ணை மூடிக்கொண்டு அதை இங்கிலீசில் சொன்னா. (இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனையை வைத்துவிட்டா. எழுதுங்க ரீச்சர், மச்சான் வெளியில சொல்ல மாட்டார்.) எமில்டா குனிந்து எழுதினா. வாசிக்கத் தெரியாதவன் பேனை போகிற தூரத்தைத்தான் பார்ப்பான். நீளமாகப் போனது.

கடைசியாக எமில்டா என்னிடம் கேட்டா, வீடு எப்பவும் இப்படியா என்று. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவவின் கையில் எங்கள் தேத்தண்ணிக் கோப்பை. தட்டில் இரண்டு பால்ரொட்டி குறைந்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளிடம் இந்தச் சூடு இரவல் என்று எப்படிச் சொல்வது? "ஓம். எங்கட வீடு எப்பவும் இப்படித்தான்," என்றேன்.

வேர்த்து விறுவிறுத்துப் போனதில் சுவெற்றரை மறந்து விட்டுப் போய்விட்டா. தெய்வநாயகி அதைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறா.

பத்து நாளில் கடிதம் வந்தது. ரீச்சர் தமிழில் சொன்னா: இந்த வீடு தேவைக்கு மேல் சூடாக இருக்கிறது, அத்துடன், விண்ணப்பகாரர் அயலாருக்கும் ஹீற்றர் கொடுத்து உதவும் நிலையில் இருக்கிறார், ஆகவே உதவி இல்லை. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. அழுகிறாவாக்கும் என்று பார்த்தேன். சிரிக்கிறா மச்சான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நீங்கள்தான் நினைவில் வந்தீர்கள்.

இருபது வருசத்துக்கு முன், ஊரில் சூறாவளி அடித்த கார்த்திகை. நீங்கள் எங்கள் பகுதிக்கு விதானையார். எவர் எவருக்கு வீடு சேதம் என்று பார்த்து நிவாரணத்துக்கு எழுத வருகிறீர்கள். எங்கள் கூரை முழுக்கப் பறந்து, வீட்டுக்குள் நின்று வானத்தைப் பார்க்கலாம். "என்ட அண்ணன் வாறாரு, அவர வெயிலுக்குள்ள இருத்துறதா?" என்று தெய்வநாயகி ஒரே அழுகை. வேலாப்போடியின் மாட்டுக்கொட்டிலில் தப்பியிருந்த தென்னோலைக் கிடுகை இரவல் வாங்கி, நானும் வேலாப்போடியும் அயலில் இருந்த மூத்ததம்பியும் கதிராமனும் இரண்டு நாளில் கூரையைக் கட்டி முடித்தோம். நீங்கள் வெள்ளை அரைக்கைச் சட்டையோடு வந்தீர்கள். சைக்கிள் கிளிப் வலது காலில் மட்டும். இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தீர்கள். "கனகு, இது ஆர்ர கிடுகு?" என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன்? "எங்கடதான். எங்கட வீடு எப்பவும் இப்படித்தான்."

நீங்கள் என்னைக் கனநேரம் பார்த்தீர்கள். பிறகு கொப்பியில் சேதமில்லை என்று எழுதினீர்கள். நீங்கள் படலையைத் தாண்ட, வேலாப்போடி கிடுகை அவிழ்த்துக்கொண்டு போனார். பின்னேரம் மழை.

சொந்தத் தங்கச்சி என்றும் பாராமல் நிவாரணத்தை வெட்டிப்போட்டான் மனிசன் என்று இருபது வருசம் சொல்லித் திரிந்தேன். துர்க்காவின் கலியாணத்துக்கு நானும் வரவில்லை, தெய்வநாயகியையும் விடவில்லை. அவ அன்றைக்குச் சேலை உடுத்துக்கொண்டு பின்னேரம்வரை வீட்டிலேயே இருந்தா. இப்போது ரீச்சர் அந்தக் கடிதத்தை வாசிக்கத்தான் விளங்கியது. எமில்டாவில் பிழையில்லை. விதானையாரிலும் பிழையில்லை. ஆர்ர கிடுகு என்று நீங்கள் கேட்டது, நான் உண்மையைச் சொல்லட்டும் என்றுதான். என்னை மன்னிக்க வேண்டும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்துக்குள் திரும்பக் கேட்கலாமாம். எங்களை நெடுங்காலம் அறிந்த ஒருவர் கடிதம் தந்தால் நல்லதாம். ரீச்சருக்கு எங்களை நாலு வருசம்தான் தெரியும். ஆகவே ஓய்வுபெற்ற விதானையார் என்ற முறையில் நீங்கள் இங்கிலீசில் எழுத வேண்டியது: 'இந்தக் கனகசிங்கம் ஆர் பார்க்க வந்தாலும் இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற ஆள். இவர் வீடு சூடு என்றால் குளிர் என்று எடுத்துக்கொள்ளவும். இது எனக்கு நேரில் தெரியும்.' பழைய முத்திரை கையில் இருந்தால் குத்தவும்.

துர்க்காவும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். உங்கள் முழங்கால் உங்களை எங்கள் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பெருவிரல் அடையாளம் வைத்த
கனகசிங்கம்

பி.கு: மேலே உள்ளது ஒன்றும் தேவையில்லை. ரீச்சர் கடித உறையை ஒட்டப்போன நேரம் எமில்டா சுவெற்றர் கேட்டு வந்து நின்றா. சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டா, நாங்கள் என்ன செய்வது? மூன்று பேரும் கோட்டோடு இருந்ததைக் கண்டு, எங்கே புறப்படுகிறீர்கள் என்று கேட்டா. இங்கேதான் இருக்கிறோம், கடிதம் எழுதுகிறோம் என்றா ரீச்சர். எமில்டா மூச்சு விட்டுப் பார்த்தா, புகை வந்தது. தெய்வநாயகியின் நெஞ்சுச் சத்தத்தையும் கேட்டா. பேபியின் ஹீற்றரிலிருந்து எல்லாவற்றையும் ரீச்சர் சொல்லிவிட்டா. முப்பது வருசப் பழக்கம், விடுமா? சுவெற்றரைப் போட்டு, மேலே கோட்டையும் போட்டுக்கொண்டு நின்றபடியே எழுதினா. உதவி வருமாம். வர ஆறு கிழமை செல்லுமாம், அதுவரை வெட்ட விடமாட்டேன் என்றும் சொன்னா. ஆகவே உங்கள் கடிதம் வேண்டாம்.

கடிதத்தைக் கிழிப்போமா என்றா ரீச்சர். நான் விடவில்லை. கடிதம் வேண்டாமே தவிர, நீங்கள் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அண்ணன் வருகிறார் என்று தெய்வநாயகி இப்போதே பேபியிடம் சொல்லி வைத்துவிட்டா, அதனால் வீடு சூடாகத்தான் இருக்கும். ஆர்ர ஹீற்றர் எண்டு கேளுங்க. எங்கட எண்டுதான் சொல்லுவன். நம்ப வேணாம், திரும்பக் கேளுங்க. எங்களை அப்படிக் கேட்கக்கூடியவர்கள் குறைந்துவிட்டார்கள். வேலாப்போடி தொண்ணூறில் மாடு தேடிப் போனார், மாடு மட்டும் வந்தது. மூத்ததம்பி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் போனான். கதிராமன் போன ஆவணியில் பாரிசில். அந்தக் கூரை ஆருடையது என்று தெரிந்தவர்களில், எங்கள் இரண்டு பேரையும் விட்டால், இன்னும் உயிரோடு இருக்கிறது சண்முகநாதன் மச்சான் ஒருவர்தான்.