பவளப்பாறைக்கு ஒரு பேரம்

"கடல் தெரியற ரூமுக்குத் தனி ரேட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். கடலை என்ன நீங்க காசு கொடுத்தா வாங்கி வச்சிருக்கீங்க?"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள் கணவர், பள்ளிக்கூட பஸ் டிரைவர், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்க, இது வந்து..." என்றது போன்.

"வந்து போயெல்லாம் வேண்டாம். ரூம் இருக்கா, இல்லையா?"

"ரூம்னா... ஒண்ணு சும்மாதான் கிடக்கு. ஆனா..."

"சும்மா கிடக்கிற ரூமுக்கு என்ன ஆனா? விளம்பரத்துல போட்டதுல பாதி தர்றோம். சரின்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ கிசுகிசுக்கும் குரல். பிறகு, "சரிங்க" என்றது போன், களைத்துப்போய்.

டிரைவர் மனைவியைக் கண் நிறையப் பார்த்தார். துணிக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, வருஷக்கணக்கில் ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பேரத்தையெல்லாம் இப்படி வட்டியோடு திருப்பிக் கொடுக்க இவளால்தான் முடியும்.

ஆசை அவருடையது. ஒவ்வொரு லீவு முடிந்ததும் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி, பவளப்பாறை பார்த்த கதையை அவர் முதுகுக்குப் பின்னால் அளப்பார்கள். கண்ணாடியில் அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, தண்ணீருக்குள் ஒரு தடவையாவது தலையை விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆகிவிட்டது.

மறுநாள் அவருக்கே சந்தேகம் வந்தது. "பாதிக்கு ஒத்துக்கிட்டான்னா ரூம்ல ஏதோ கோளாறு இருக்கும். ஏசி இருக்கான்னு கேளு."

கேட்டாள். "ஃபேன் இருக்குங்க" என்றது போன்.

"அப்போ ஏசிக்குண்டானதைக் கழிச்சிடுங்க."

கழித்தார்கள். பாத்ரூம் கொல்லைப்பக்கம் என்றார்கள். அதற்கும் கழித்தாள். சாப்பாடு, "நாங்க என்ன சாப்பிடறோமோ அதுதாங்க" என்றார்கள். மெனு இல்லாத குறைக்கு இன்னும் கொஞ்சம் கழிந்தது.

"போதும்மா," டிரைவர் கெஞ்சினார். "நீ கேக்கக் கேக்க ரூம் தேஞ்சுக்கிட்டே வருது. இன்னும் ஒரு போன் போட்டா மணல்லதான் படுக்கணும்."

"படகு மட்டும் பேசிடறேங்க."

படகு, போனில் பேசியவரின் மச்சானுடையதாம். "மச்சான்னா நம்ம வீட்டு ஆளு. அவருக்குப் போய்க் காசு கொடுத்தா மனசு கஷ்டப்பட மாட்டாரா?" என்றாள்.

அதற்கும் சரி என்றார்கள். டிரைவர் அன்று சாப்பிடும்போது இரண்டு தடவை தனியாகச் சிரித்துக்கொண்டார்.

போய் இறங்கிய ஸ்டேஷனுக்கு, போனில் பேசிய மேனேஜரே வந்திருந்தார். ஒல்லியான ஆசாமி. "நீங்க தேடி அலைய வேண்டாம்னுதான்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். பச்சைக் கேட் போட்ட சின்னக் கட்டடம். போர்டு கிடையாது. அறையில் துணி போர்த்திய தையல் மெஷினும், புதிதாகத் துவைத்த படுக்கை விரிப்பும்.

"செலவை எப்படிச் சுருக்கியிருக்கார் பாருங்க. மனுஷன் பிழைக்கத் தெரிஞ்சவர்" என்று அவள் காதோடு சொன்னாள். தொழில் தெரிந்தவளின் மரியாதை அது.

மறுநாள் காலை, மச்சான் படகை நிறுத்திக் கண்ணாடியை மாட்டிவிட, டிரைவர் படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் விட்டார்.

கீழே ஓர் ஊரே இருந்தது. மூளை மாதிரி, மான்கொம்பு மாதிரி, விரித்த விசிறி மாதிரிப் பாறைகள். மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டமாக வந்து, ஹாரன் அடிக்காமல், இடிக்காமல், ஒன்றாகத் திரும்பிப் போயின. பஸ் ஓட்டுகிறவருக்கு அது போதும். தலையை எடுத்தபோது முகத்தில் வழிந்தது எல்லாம் கடல் தண்ணீர்தான் என்று சொல்ல முடியாது.

"நீயும் பாரும்மா."

அவள் பார்த்தாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையும் குறைத்துச் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தேறிவிட்டாள். "அடுத்த வருஷமும் இங்கதான் வர்றோம் சார். பழைய கஸ்டமருக்கு ஒரு ரேட் போடுங்க."

மேனேஜர் நிமிராமல் சோற்றைப் பிசைந்தார்.

டிரைவருக்குப் பாவமாக இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த மேனேஜரின் மனைவியிடம் திரும்பி, "இவ்வளவு நல்லாப் பாத்துக்கறீங்க. வாசல்ல ஒரு போர்டு வச்சீங்கன்னா உங்க ஹோட்டல் எங்கியோ போயிடுமே?" என்றார்.

அந்தம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"இது எங்க வீடுங்க. ராங் நம்பர்னு சொல்லத்தான் இவரும் முதல் போன்லேர்ந்து பாக்குறாரு, அக்கா எங்க பேச விட்டாங்க?"