மேஸ்திரி வீட்டு வாசல் மரம்

அன்று காலை மாடி ஜன்னலைத் திறக்க முடியவில்லை. வாசலில் நின்ற நகராட்சி மரத்தின் கிளை ஒன்று வெளியிலிருந்து கதவை அழுத்திக்கொண்டிருந்தது. போன வருடம் கை நீட்டினாலும் எட்டாத கிளை அது. மேஸ்திரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"மரம் நம்ம வீட்டைப் பார்த்துச் சாயுது," என்று மனைவியிடம் அறிவித்தார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். ஊரில் பாதி வீடுகள் அவர் கைபட்டவை. இந்த வீட்டையோ வேறு எவரையும் நம்பாமல், செலவை இழுத்துப் பிடித்து, அஸ்திவாரத்திலிருந்து தானே நின்று கட்டியிருந்தார். தன் வீட்டுச் சுவரோரம் நின்று ஒற்றைக் கண்ணை மூடி மரத்தைப் பார்த்தார். கோணல் பளிச்சென்று தெரிந்தது.

மனைவிக்கு வேறு கவலைகள். பீரோக் கதவு தானாகத் திறந்துகொள்கிறதாம். தரையில் கொட்டிய வெங்காயமெல்லாம் வாசல் பக்கமே உருண்டு ஓடுகிறதாம்.

"எல்லாம் வேரோட வேலை," என்று முடித்துவிட்டார் மேஸ்திரி.

அடுத்த வாரம் மகள் கைக்குழந்தையோடு மாடிக்குக் குடிவருகிறாள். தொட்டில் கட்டப்போவது அந்த ஜன்னலோரம்தான். மரம் பேத்தி மேல் விழுந்தால்? அன்றே நகராட்சிக்குக் கிளம்பினார்.

நகராட்சியில் மரங்களைக் கவனிக்கும் அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பொது இடத்து மரத்தில் ஒரு கிளையை ஒடிக்கவும் அனுமதி வேண்டும் என்றார். நன்றாக இருக்கிற மரத்தை வெட்டவோ, "விதியில இடமில்ல."

"சாஞ்சிருக்கு மேடம்."

"வந்து பார்க்கிறோம்."

யாரும் வந்து பார்க்கவில்லை. பொறுத்துப் பார்த்த மேஸ்திரி, மரத்தை எதிர்ப்பக்கத்து விளக்குக் கம்பத்தோடு கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். மறுநாள் பால்காரர் சைக்கிளோடு அதில் மாட்டிக் குப்புற விழுந்தார். தெருவே பாலில் குளித்தது. நகராட்சி ஆட்கள் வந்து கயிற்றை அறுத்து, மரத்தில் கயிறு கட்டவும் விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேஸ்திரி அசரவில்லை. மாடிச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். மரத்தைத் தள்ளியே நிறுத்திவிடலாம் என்று கணக்கு. சில நாட்களிலேயே குழாய் வளைந்தது. ஒரு மரத்துக்கு இவ்வளவு திமிரா என்று இன்னும் தடிமனாக ஒரு குழாயைப் பக்கத்தில் சொருகினார்.

இதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். நடையாய் நடந்தபோது வராத அதிகாரியம்மா, புகார் என்றதும் ரம்பக்காரரையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

சாய்வு உண்மைதான் என்று அளந்து பார்த்தால் அங்கேயே அனுமதி கொடுத்துவிடலாம், உடனே வெட்டிவிடலாம் என்றார் அதிகாரியம்மா. மேஸ்திரி உள்ளே ஓடித் தன் தூக்குக்குண்டை எடுத்துவந்தார். நூலில் தொங்கும் அந்தப் பித்தளைக் குண்டை வைத்துத்தான் இத்தனை காலமும் அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு நேர் பார்த்திருக்கிறார்.

"இது பொய் சொல்லாது மேடம்."

அதிகாரியம்மா நூலை மரத்தோரம் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலேயே அதை வீட்டுச் சுவரோரமும் தொங்கவிட்டுப் பார்த்தார். ஏணியில் ஏறிக்கொண்டிருந்த ரம்பக்காரரைக் கைகாட்டி இறக்கினார். சமையலறையிலிருந்த மனைவியை உடனே வெளியே வரச் சொன்னார்.

"வெட்டிடலாம்தானே மேடம்?" என்றார் மேஸ்திரி.

"மரம் நேராத்தான் நிக்குது, மேஸ்திரி. உங்க வீடுதான் அது மேல சாஞ்சு நிக்குது. அதுக்குத்தான் விதியில இடமில்ல."