சேவூர் மோட்டார் ரூமில் தலைமை அலுவலகம்

ராயபுரம், திருப்பூர்.
21-2-2007, மாசி 9, புதன்கிழமை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் என் அண்ணன் மகன் சிரஞ்சீவி சதீஷ்குமாருக்கு, அத்தை மாரக்காள் செல்லாண்டியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே யாவரும் சுகம். உன் மாமாவுக்கு மட்டும் வலது உள்ளங்கையில் ஒரு கொப்புளம். அதுவும் ஆறி வருகிறது.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் நம் வீட்டுச் சாப்பாட்டில் இருந்தவர்கள்: நீ, உன் மாமா, எங்கள் மகள் ஜனனி, ஊருக்குப் போக பஸ் கிடைக்காமல் தங்கிவிட்ட நம் கட்டிங் மாஸ்டர் காசிமாயன், பரிமாறிக்கொண்டு நின்ற நான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம், உன் மாமா இப்போது எல்லாப் பழியையும் உன் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறார். நீ என்ன சொன்னாய், அவர் என்ன எடுத்துக்கொண்டார் என்பதற்கு மற்ற மூன்று பேரும் சாட்சி. அவர் எதற்காக உன்னைத் திட்டுகிறாரோ அதற்காகத்தான் நான் உனக்கு நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் போன் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்றைக்கு நான்தான் வாயைக் கொடுத்தேன். "உன்ற கம்பெனி இத்தனை நாட்டுல யாவாரம் பண்ணுதே, எந்த ஊருல கண்ணு வரி கட்டறீங்க?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு மாமாவின் பனியன் கம்பெனியையே உதாரணம் காட்டினாய். "பனியன் இங்க தைக்கறீங்க, இங்க விக்கறீங்க அத்தை. ஆனா 'பூவரசு'ங்கற பேரு மட்டும் அயர்லாந்துல ஒரு கம்பெனிக்குச் சொந்தம்னு எழுதிட்டா, அந்தப் பேருக்கு வாடகை கட்டோணுமல்லங்க? சம்பாதிச்சதுல முக்காவாசி வாடகையாப் போயிரும். இங்க லாபம் கொஞ்சூண்டு, வரியும் கொஞ்சூண்டு." அப்படியானால் அயர்லாந்தில் கட்ட வேண்டாமா என்றாள் ஜனனி. அந்தக் கம்பெனியை நடத்துவது எங்கேயோ ஒரு தீவிலிருந்து, அதனால் அயர்லாந்துக்காரன் தீவில் போய்க் கேள் என்பான், தீவில் வரியே கிடையாது என்றாய். காசிமாயன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அப்ப அந்த லாபம் எங்கிட்டுதான் தம்பி கெடக்கு?" என்றார். "எங்கயும் இல்லீங்க" என்றாய். "எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு சொல்லுவாய்ங்க" என்றார் அவர். இல்லை, எல்லாம் சட்டப்படிதான் என்று நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தோம், உன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, "ஏ மாப்ள, அந்தத் தீவு எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜனனிக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் என் சொந்தச் சம்பாத்தியத்தில் உனக்கு ஒரு மணி வாங்கிக் கட்டுகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்துவிட்டாள், பி.காம். கூட முடித்துவிட்டாள். சொந்தச் சம்பாத்தியம்தான் வரவில்லை. உன் மாமா, "காசு நாந் தர்றேன், வாங்கிக் கட்டீட்டு வா" என்றுதான் சொன்னார், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர் காசு அவர் வரவு, அதை என் வரவு என்று அம்மனிடம் எப்படிக் காட்டுவது? மோர் விற்கிறேன் என்றேன், கௌரவக் குறைச்சல் என்றார். நம் கம்பெனிப் பனியனுக்கே நூல் பிசிறு வெட்டித் தருகிறேன், மற்ற பெண்களுக்குக் கொடுக்கிற கூலியை எனக்கும் கொடுங்கள் என்றேன். "முதலாளி பொண்டாட்டிக்கு எந்த ஊருல கூலி குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, பிசிறு வெட்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இப்படியே பதினெட்டு வருஷம் அம்மனுக்குக் கடனாளியாகவே இருந்தேன் கண்ணு.

கார்த்திகையில் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரி போட்டார்கள். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் இவ்வளவு, பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த வருஷ லாபத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக. கணக்குப் போட்டுப் பார்த்தால் மாமாவுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. அம்மனுக்குத் தருவது, சந்தோஷமாகத் தந்துவிட்டு வந்திருக்கலாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "நமக்கும் ஒரு தீவு பாக்கோணும்" என்றார்.

தீவுக்கு ஓர் இடம் பார்த்துக்கொள்ளலாம், பூவரசு என்ற பேரை யார் பேருக்கு எழுதுவது என்பதில்தான் சிக்கல். உன் அப்பா பேரைச் சொன்னேன். மச்சினனை நம்பிப் பேரைக் கொடுப்பதா என்றார், மன்னித்துக்கொள். காசிமாயன், "என் பேருக்கு எழுதுங்க முதலாளி, எங்க சாமி வேற, உங்க கமிட்டி உசிலம்பட்டி வரைக்கும் வராது" என்றார். அவரைக் கண்ணாலேயே வெளியே அனுப்பினார். கடைசியில் என்னைப் பார்த்து, "உன்ற பேருல போட்டுரலாம் புள்ள, நீ எங்க போயிரப் போறே?" என்றார். சேவூரில் எனக்குச் சீதனமாக வந்த காட்டில் கிணற்று மோட்டார் ரூம் இருக்கிறதே, அதுதான் தலைமை அலுவலகம். 'பூவரசு டிசைன்ஸ்' என்று போர்டு எழுதி மாட்டினார். பத்திரம் எழுதி, பனியன் ஒன்றுக்கு ஒரு ரூபாய் பேர் வாடகை என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பாங்கில் எனக்குக் கணக்குத் திறந்து முதல் செக்கும் போட்டுவிட்டு, "எல்லாம் காயிதத்துக்குத்தான், கோயில் வரிக் கூட்டம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரு" என்றார். நான் பாஸ் புத்தகத்தில் என் பேரை அச்சில் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குள் பத்திரம், வக்கீல், பெயிண்டர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆறாயிரத்தை மிச்சம் பிடிக்க ஏழாயிரமா என்று கேட்டேன். பெரிய கம்பெனிகள் முதலில் செலவு பண்ணித்தான் மிச்சம் பிடிக்கும் என்று உன்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

தை மாதக் கடைசி ஞாயிறு அவிநாசிபாளையம் பக்கத்துக் கோயிலில் வரிக் கூட்டம். நானும் போயிருந்தேன். கமிட்டித் தலைவர் ஆத்தப்பன் உன் மாமாவுக்கு மூத்த பங்காளி, சாயப்பட்டறைக்காரர். உன் மாமா எழுந்து, "லாபம் இல்லீங்கண்ணா. எல்லாம் பேருக்கு வாடகையாப் போயிருச்சு. பேரு சேவூர்க் கம்பெனியுது" என்றார். "தெரியுமப்பா. போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார் ஆத்தப்பன். "போர்டு இருந்துச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. வாசல்ல ஒரு எருமை நின்னுச்சு. ஏனுங்க, மேனேஜர் எங்கீங்கன்னு கேட்டேன். அசை போட்டுட்டே என்னையப் பாத்துச்சு. செரி, ரொம்ப வேலையாட்ட இருக்குதுன்னு வந்துட்டேன்." கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. உன் மாமா அசரவில்லை. "அந்தக் கம்பெனி என்ற சம்சாரத்துதுங்க" என்றார். அப்படியானால் அவள் வரி கட்டட்டும் என்றார் ஆத்தப்பன். அதற்காகவே காத்திருந்த மாதிரி உன் மாமா, "பொம்பளைங்க பேருல வரி எழுதற வழக்கம் நம்ம கோயில்ல இல்லீங்களேண்ணா!" என்றார். காசிமாயன் கேட்ட கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடமும் லாபம் இல்லை, என்னிடமும் வரி இல்லை, அம்மன் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஆத்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "செரி சுப்பிரமணி. அம்மன் முன்னால சூடம் ஏத்தி, கையால அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போடு. பேரும், பேருக்கு வர்ற பணமும் மாரக்காளுதுதான், எனக்கு அதுல ஒண்ணுமில்லைன்னு. அப்பறம் ஒத்த ரூவா கேக்க மாட்டோம்" என்றார். தட்டில் சூடம் எரிந்தது. உன் மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! காகிதத்துக்குத்தான் என்று உண்மையைச் சொன்னால் ஆறாயிரம் போகும், மானமும் போகும், என் மணியும் போய்விடும். சத்தியம் செய்தால் கம்பெனிப் பேரே போய்விடும். கட்டின புருஷன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வேண்டுவதா, கூடாது என்று வேண்டுவதா? நீயே பார்த்துக்கொள் தாயே என்று கண்ணை மூடிவிட்டேன். அப்போது பின்னாலிருந்து எவனோ ஒருவன், "உடுங்கண்ணா, ஊட்டுல கேட்டுட்டு வரட்டும்!" என்றான். அவன் யாரோ, நன்றாக இருக்க வேண்டும். "எவன்டா அவன்!" என்று உன் மாமா ஒரு சத்தம் போட்டு, "பூவரசு மாரக்காளுது! எனக்கு அதுல ஒண்ணுமில்லை!" என்று சூடத்தின் மேல் ஓங்கி அடித்தார். கொப்புளம் அப்படி வந்ததுதான்.

அதற்கப்புறம் நான் எழுந்தேன். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. "வரியை நான் கட்டறனுங்க. இங்கதானுங்க தைக்கறோம், இங்கதான் விக்கறோம், லாபமும் இங்கதான் வந்துச்சு. அந்த எருமை ஒரு பனியன்கூடத் தைக்கலீங்க" என்றேன். வழக்கம் இல்லையே அம்மிணி என்று ஆத்தப்பன் தயங்கினார். "எம்பேருக்குச் சூடம் அணைக்க வழக்கம் இருக்குது, எம்பேரு எழுதத்தான் வழக்கம் இல்லீங்களா?" என்றேன். நானா கேட்டேன் என்று இன்னும் நம்ப முடியவில்லை. எழுதிக்கொண்டார். என் செக்கில் வரியும் கட்டினேன், மீதியில் கோயமுத்தூரில் மணிக்கும் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை கட்டியாயிற்று. 'மாரக்காள் உபயம்' என்று வெட்டியிருக்கிறார்கள். கோபத்தில் ஐந்து நாள் பேசாதிருந்த உன் மாமாதான் முதலில் கயிற்றைப் பிடித்து, கட்டுப் போட்ட கையாலேயே மூன்று தடவை இழுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு.

நீ அன்று அந்தத் தீவைப் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் நான் கடனோடேதான் போய்ச் சேர்ந்திருப்பேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கம்பெனியில் பேர் அயர்லாந்தில் இருக்கிறது, தீவில் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற பெரிய அதிகாரிகள் முன்னால் ஒரு தட்டில் சூடம் ஏற்றி வைத்துப் பார். எத்தனை பேர் கையை நீட்டுகிறார்கள் என்று எனக்கு எழுது. நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மணி ஒன்று போதும். பங்குனி உத்திரத்தன்று பூவரசுப் பேரை மாமாவுக்கே தானமாக எழுதிக் கொடுத்துவிட்டு, சேவூர்ப் போர்டையும் கழற்றிவிடப் போகிறேன். எங்கே சம்பாதிக்கிறோமோ அங்கே கொடுப்பதுதான் முறை. உனக்கும் அண்ணன் அண்ணிக்கும் அம்மன் குறைவில்லாமல் கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு ஆசிகளுடன்,
அத்தை மாரக்காள்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஆத்தப்பன் வந்தார். அவர் ஊரில் மாரியம்மன் தேருக்கு வேறொரு கமிட்டி வரி போட்டிருக்கிறதாம், சாயப்பட்டறைக்கு ரொம்ப அதிகமாம். "ஏனம்மிணி, அந்த மோட்டார் ரூம்ல இன்னொரு போர்டுக்கு எடம் இருக்குமா?" என்றார். சூடம் என்னாவது என்று கேட்டேன். "அது நம்ம கோயில் வழக்கம். தேர்க் கமிட்டிக்காரனுக்கு அதெல்லாம் தெரியாது" என்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பங்காளிகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் மாமா உள்ளேயிருந்து வந்து போர்டு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை பேசி முடித்துவிட்டார். யோசித்தால் அதுவும் என் சீதனக் காடு, என் சொந்தச் சம்பாத்தியம்தான். அம்மன் மடப்பள்ளி வேறு ஒழுகுகிறது. எருமையைப் பின்பக்கம் கட்டச் சொல்லிவிட்டேன். பூவரசுப் போர்டும் இருக்கட்டும், அதை மட்டும் கழற்றினால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வராது என்கிறார் மாமா. ஒரு கதவில் சட்டப்படி எத்தனை போர்டு மாட்டலாம் கண்ணு? பெயிண்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் பதில் எழுது.