மயிலாவை விற்று வாங்கிய பெட்டி

முருகனுக்கென்று வைத்திருந்த நெருப்பை எடுத்து ஒரு தகரப் பெட்டிக்குக் கொடுத்தவன் நான். பழனி அடிவாரத்தில் நின்று இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியாயிற்று. உங்களிடமும் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்றுதான் எழுதுகிறேன். (லேசாகாது என்று என் மனைவி பஞ்சவர்ணம் இப்போதே சொல்லிவிட்டாள்.)

எங்கள் வீடு ரெட்டியார்சத்திரம் பக்கம், பழனி ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். கத்தரி, வெண்டை, ஓரமாகக் கொஞ்சம் செவ்வந்தி. அப்போது மாடு நான்கு. தொழுவத்துக்குப் பின்னால் கோபர் கேஸ் தொட்டி. சாணியைக் கரைத்து ஊற்றினால் உள்ளே கேஸ் உண்டாகும். தொட்டிமேல் கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம், கேஸ் சேரச் சேர மேலே எழும்பும். அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். அந்த டிரம் நிற்கிற உயரத்தைப் பார்த்துத்தான் பஞ்சவர்ணம் இன்றைக்கு என்ன சமையல் என்று முடிவு செய்வாள்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயின. மூன்றாவது உண்டானபோது அவள் வேண்டிக்கொண்டாள்: இது தங்கினால், முருகா, உன்னைப் பார்க்க நடந்து வருகிறவர்களுக்கு வருசா வருசம் என் கையால் சோறு போடுகிறேன், என் தொழுவத்து நெருப்பிலேயே ஆக்கிப் போடுகிறேன். வள்ளி பிறந்தாள். அன்றிலிருந்து தைப்பூசத்துக்கு முன்னால், காரைக்குடிப் பக்கமிருந்து நடந்து வரும் ஒரு கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். முப்பது பேர். பதினாறு வருசம் தவறவில்லை. பதினேழாவது வருசம் தவறியது. தவற வைக்க நானும் என் மச்சினனும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது.

மச்சினன் சரவணன் கொடைரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மச்சான், இங்க பாருங்க. வெளிநாட்டுல எண்ணெய்க் கெணத்துல வர்ற கேஸ சும்மா எரிச்சு விட்டுக்கிட்டு இருந்தாய்ங்க. இப்ப அந்தக் கேஸ்ல கரண்டு எடுத்து, கம்ப்யூட்டர் மாதிரி ஒரு பெட்டிக்குக் குடுத்து, காயின் எடுக்குறாய்ங்க."

"காயின்னா, சில்லறையா மாப்ள?"

"கண்ணுக்குத் தெரியாத காயின் மச்சான். கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும், வித்தாப் பணம்."

(கண்ணுக்குத் தெரியாததை நம்பித்தான் நாற்பத்தெட்டு வருசம் வாழ்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் சறுக்கினேன்.)

"பெட்டி என்னதான்யா செய்யும்?"

"கணக்குப் போடும். ராப்பகலா கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். கோடிக் கணக்குல தப்பாப் போட்டு, ஒண்ணு சரியா வந்துச்சுன்னா காயின்."

நான் எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்று நின்றவன். என் வீட்டில், என் மாட்டுச் சாணியில், எனக்குப் பதிலாக ஒரு பெட்டி கணக்குப் போடும் என்றதும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"கரண்டு பில்லுதான் இந்தத் தொழிலையே திங்குது. ஒங்ககிட்ட கேஸ் சும்மா கெடக்கு. அவனுக்குப் பூமியில வருது, ஒங்களுக்கு மாட்டுல வருது. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றான்.

வள்ளியின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது ஆசைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பழைய பெட்டி ஒன்றும் பழைய ஜெனரேட்டர் ஒன்றும் வாங்கப் பணம் வேண்டும். மயிலாவை விற்றேன். நான்கு மாட்டில் அவள்தான் அதிகம் கறப்பவள். அதிகம் சாணி போடுபவளும் அவள்தான். சாணியில் ஓடும் எந்திரம் வாங்குவதற்காகச் சாணி போடும் மாட்டை விற்றவன், திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆயக்குடியில் கொய்யாத்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வந்து ஓட்டிப் போனார். பஞ்சவர்ணம் மயிலாவின் கழுத்து மணியை மட்டும் அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பெட்டிக்குப் பூசை போட்டேன். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆயிற்று. திருநீற்றை அள்ளிப் பெட்டியின் முன்பக்கம் பூசப்போன நேரம் பார்த்துச் சரவணன் சுவிட்சைப் போட்டான். உள்ளே இருந்த ஃபேன் என் கையிலிருந்த திருநீறு மொத்தத்தையும் உறிஞ்சி, பின்பக்கம் நின்ற அவன் முகத்தில் அடித்தது.

"பாத்தியா, பெட்டியே ஒனக்குத் திருநீறு பூசிருச்சு. நல்ல சகுனம்" என்றேன்.

பெட்டி கத்தியது. லாரி டயரில் காற்றுப் பிடுங்கினால் ஒரு சத்தம் வருமே, அது நிற்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன. நாங்கள் இருவரும் கைகட்டி, கருவறை முன்னால் நிற்கிற மாதிரி நின்றோம். முக்கால் மணி நேரம். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பின்னால் போய்ப் பார்த்தால் டிரம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. வீட்டுக்கு ஒரு நாள் முழுவதும் சோறு ஆக்குகிற கேஸ், முக்கால் மணி நேரக் கணக்குக்குப் போதவில்லை.

"காயின் விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"தூசி மாதிரி விழுந்திருக்கு மச்சான். ஒரு அளவு சேந்தாத்தான் கையில குடுப்பாய்ங்க."

சாணி போதாது என்று தெரிந்தது. மாடு வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சரவணன் போனில் இன்னொன்றைக் கண்டுபிடித்தான்: காய்கறிக் கழிவு போட்டாலும் கேஸ் வருமாம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அழுகின தக்காளி, முட்டைக்கோசு எல்லாம் மலையாகக் கிடக்கும். கேட்டால் கும்பிட்டுக் கொடுப்பார்கள். சின்ன வண்டி பிடித்து அள்ளிவந்து தொட்டியில் கொட்டினோம். முதலில் நன்றாகவே வந்தது. பெட்டி இரண்டு மணி நேரம்கூட ஓடியது. நான் தொட்டியை ஒரு தெய்வம் மாதிரியும் தக்காளியை நைவேத்தியம் மாதிரியும் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டுச் சமையல் சிலிண்டருக்கு மாறியது.

தை பிறந்ததும் பஞ்சவர்ணம் சொன்னாள்: "பூசம் வருது. சாமிக்குள்ளதுல கைய வச்சிராதீங்க."

"நானா வைப்பேன்?" என்றேன். பத்து நாள் முன்னதாகவே பெட்டியை நிறுத்திவிட்டேன். கேஸ் அத்தனையும் சாமிகளுக்கே இருக்கட்டும் என்று ஒரு நாள்கூட அந்த அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை. எதற்கும் இருக்கட்டுமே என்று தினமும் இரண்டு கூடைத் தக்காளி கூடுதலாகப் போட்டேன். டிரம் எழும்பியது பாருங்கள், கட்டின நாளிலிருந்து அவ்வளவு உயரம் அது எழும்பினதே இல்லை. வந்தவர் போனவர் எல்லோரையும் கூட்டிப் போய்க் காட்டினேன்.

சாமிகள் வரும் அன்றைக்கு விடிந்ததும் பால் காய்ச்சும்போதே சிலிண்டர் தீர்ந்தது. "போனாப் போகுது, டிரம்மு நெறஞ்சு நிக்குதுல்ல" என்றேன். பஞ்சவர்ணம் குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, பெரிய அடுப்பைத் திறந்து தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனாள். புஸ்ஸென்று காற்று வந்தது. குச்சி அணைந்தது. அடுத்த குச்சியும் அணைந்தது. புளித்த வாடை ஒன்று அடுப்படி முழுக்க ஏறியது.

"பைப்புல தண்ணி நிக்குது மச்சான்" என்றான் சரவணன். பைப்பைக் கழற்றி ஊதினோம். அடுப்பைப் பிரித்தோம். வாஷரை மாற்றினோம். இப்படியே இரண்டு மணி நேரம். ஒரு கட்டுத் தீப்பெட்டி காலியாயிற்று. அரிசி ஊறி உடைந்துகொண்டிருந்தது.

வாசலில் "அரோகரா" சத்தம் கேட்டது. சாமிகள் வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு சிலிண்டரைத் தூக்கிவர ஓடினேன். "நில்லுங்க" என்றாள் பஞ்சவர்ணம். "என்னான்னு வேண்டிக்கிட்டேன்? என் தொழுவத்து நெருப்புன்னு வேண்டிக்கிட்டேன்." வறட்டி இருந்தால் அதை எரிக்கலாம். இருந்த சாணி எல்லாம் தொட்டிக்குள் போயிருந்தது. தொழுவத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். காலியாகக் கிடந்த இடத்தில் கண் நின்றது.

"மயிலாவுக்குத் தீவனம் போடுற பலகைத் தொட்டி இருக்குல்ல. அத ஒடைங்க. அதுவும் தொழுவந்தான்."

உடைத்தேன். மாடு நக்கி நக்கி வழுவழுப்பாகிப் போன பலகை. மூன்று கல்லைக் கூட்டிப் பற்றவைத்தோம். புகைதான் வந்தது.

முப்பது பேரும் வெயிலில் கால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை, சுளித்திருந்தால் தேவலை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர்களைக் கூட்டிவரும் குருசாமி என்னிடம் வந்தார்.

"மனசு கஷ்டப்படாதீங்க சாமி. பொழுது சாய ஒட்டன்சத்திரம் சேரணும். மோர் இருந்தாக் குடுங்க, குடிச்சிட்டுக் கெளம்புறோம்."

மோர் குடித்துவிட்டு நடந்தார்கள். விரித்த இலை முப்பதும் காற்றில் திரும்பிக் கிடந்தன.

சோறு ஒரு வழியாக இறங்கியதும் சட்டியை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு விரட்டினேன். பழனி ரோடு முழுக்கப் பச்சை வேட்டியும் காவி வேட்டியும். எல்லா முதுகும் ஒரே முதுகாகத் தெரிந்தது. "காரைக்குடிச் சாமிகளைப் பாத்தீங்களா?" என்று காவடிக்காவடியாகக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு பந்தலில் பார்த்தேன். யாரோ புண்ணியவான் போட்ட எலுமிச்சஞ்சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

குருசாமி என் சட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். அடியில் தீய்ந்து, மேலே வேகாத சோறு. மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நான் கைகூப்பி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை.

"அடுத்த வருசமும் வாரோம் சாமி" என்றார் விழுங்கிவிட்டு. "அடுப்ப மட்டும் முதல்ல பாத்து வச்சிருங்க."

வீட்டுக்கு வந்ததும் பஞ்சவர்ணம் கேட்டாள்: "எத்தன பேரு சாப்ட்டாக?"

"ஒருத்தரு."

சட்டியை மாடுகள் முன்னால் கவிழ்த்தாள். மூன்று மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

சாயங்காலம், தொட்டி கட்டிக்கொடுத்த ஆத்தூர்க் கொத்தனாரை வரவழைத்தேன். சாணி ஊற்றும் வாயில் குனிந்து மோந்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "என்னத்தப்பா போட்ட?"

"தக்காளி."

"ஏலே, தொட்டி வயிறு புளிச்சுப்போச்சு. மேல நிக்கிறதெல்லாம் வெறும் காத்து, எரியாது. சுண்ணாம்பு கரைச்சு ஊத்து. அப்புறம் நல்ல மாட்டுச் சாணியாப் பாத்துப் போட்டுக்கிட்டே இரு, தேறும்."

மறுநாள் விடியும் முன்னே பஞ்சவர்ணம் பழனிக்கு நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கு முட்டிவலி. நான் இருபதடி பின்னால் நடந்தேன். கிட்டே போனால் வேகம் கூட்டினாள். இரண்டு நாள் அப்படியே. அடிவாரத்தில் கும்பிட்டு, என் குற்றத்தைச் சொன்னேன். அவள் எனக்கும் சேர்த்து அழுதாள்.

திரும்பும்போது பஸ் ஆயக்குடியில் நின்றது. மூன்று நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்: "எறங்குங்க."

கொய்யாத்தோப்புக்காரர் நல்ல மனிதர். "ஏனுங்க, மாட்டத் திருப்பிக் கேக்காதீங்க, தர மாட்டனுங்க. எங்க வீட்டுக் கொழந்தைக அதுகூட ஒட்டிக்கிச்சுங்க" என்றார்.

"மாடு வேண்டாம்ணே" என்றாள் பஞ்சவர்ணம். "சாணி குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன். மயிலா எங்கள் வாடை தெரிந்து எழுந்து நின்றாள். பஞ்சவர்ணத்தின் கையை நக்கினாள். என் கையை நீட்டினேன், மூக்கை இழுத்துக்கொண்டாள். நான் விற்ற மாட்டின் சாணியை நானே இரண்டு மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"மூட்டையில என்னய்யா?" என்றார் கண்டக்டர்.

"சாணி."

"ஏன்யா, ஒங்க ஊர்ல மாடே இல்லையா?"

பஸ்ஸே சிரித்தது. பஞ்சவர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தொட்டி தேற ஒன்றரை மாதம் ஆயிற்று. பெட்டி, மயிலா நின்ற இடத்தில் கிடக்கிறது. ஒரு கோழி அதன்மேல் அடைகாக்கிறது. காயின் இன்னும் அந்த அளவு சேரவில்லையாம். சரவணன் எப்போதாவது போனைத் திறந்து பார்ப்பான். அக்கா வருகிற சத்தம் கேட்டால் மூடிவிடுவான்.

பஞ்சவர்ணம் மயிலாவின் மணியைக் கேஸ் பைப்பின் திருகோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். யார் திறந்தாலும் மணி அடிக்கும். எங்கே இருந்தாலும் அவளுக்குக் கேட்கும். தவறி என் கை பட்டால்கூட, "அப்பா காயின் எடுக்குறாரும்மா" என்று வள்ளி உள்ளேயிருந்து கத்துவாள்.

பூசத்துக்குக் குருசாமி தவறாமல் வருகிறார். சாமிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நேராக அடுப்படிக்குப் போய்த் திருகைத் தொடுவார். மணி அடிக்கும். தீயைக் குனிந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "எரியுது சாமி! எல போடச் சொல்லுங்க." முப்பது பேரும் சிரிப்பார்கள். பஞ்சவர்ணமும் சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே இலை போடுவேன். அந்த மணிச்சத்தம் காதில் விழுந்ததும், மயிலா நின்ற இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். கோழி உட்கார்ந்திருக்கும்.