ஒன்பது ஸ்பிரிங்

மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வர இருபத்தொன்பது மணி நேரம் இருந்தபோது, அவருடைய நாற்காலி 'டொய்ங்' என்றது.

மருமகள் அப்போது அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஃபியூஸ் போன பல்பு.

அந்த நாற்காலியில் மாமனாரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. கல்யாணமாகி வந்த அன்றே கணவன் சொல்லிவைத்த சட்டம். மாமனாரின் கூடப்பிறந்த தம்பியே ஒருநாள் உட்காரப் போக, "அங்க வேண்டாம், இப்படி வா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்ததை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் ஏறி நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவள் பள்ளியில் வேதியியல் சொல்லித்தருபவள். விதியில் இல்லாததை விதி என்று எடுத்துக்கொள்வதில்லை.

"என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை, பல்பு."

"பல்பு டொய்ங்குன்னு கத்துமாம்மா?"

மாமியார் துணிக்கூடையோடு வந்து பார்த்தாள். நாற்காலியின் நடுவில் ஒரு பள்ளம். மருமகளின் முகத்தில் அதைவிடப் பெரிய பள்ளம்.

மூன்று மாதமாகியும் மாமனார் அவளை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். சாப்பிட்டு எழுந்தால் "நல்லா இருந்துதுங்க" என்பார், ஓட்டலில் சொல்வதுபோல. கோபமில்லை, கூச்சம். அவளுக்கும் அதே வியாதிதான். என்றாவது ஒருநாள் வாய்தவறியாவது "நீ" என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தாள். இப்போது நாற்காலியை உடைத்தவள் என்று பெயர் வாங்கினால் ஆயுசுக்கும் இந்த வீட்டில் விருந்தாளிதான்.

"நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிடறேன் அத்தை. ஒரு கயிறுதான் அறுந்திருக்கும்."

"பண்ணேன்" என்று மாமியார் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

ஒரு கயிறுதான் அறுந்திருந்தது. அதைக் கட்டக் கை நுழையவில்லை. கை நுழைவதற்காகப் பக்கத்துக் கயிற்றை வெட்டினாள். அவ்வளவுதான், தலைமையாசிரியர் வந்த வகுப்பைப் போல ஒன்பது ஸ்பிரிங்கும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

மேல்துணியைப் பிரித்தாள். மக்கிப்போன தேங்காய் நார் தரையெல்லாம் கொட்டியது. நாருக்குள் கிழிந்த போர்வை, அரைத் தலையணை, ஜோடியில்லாத நான்கு சாக்ஸ். நூற்றுப்பன்னிரண்டு ஆணிகளைப் பிடுங்கி எண்ணினாள். அதில் பாதி கோணல். சில தலைகீழ்.

"எந்த மகாராசன் அத்தை இதைத் தச்சான்? கண்ணைக் கட்டிக்கிட்டுத் தச்சிருக்கான்."

"எவனோ" என்றாள் மாமியார், ஒரு துண்டை நான்காவது முறையாக மடித்தபடி.

குஷன் கடைக்காரர், அவள் கொண்டுபோன பழைய துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஸ்பிரிங்கை எட்டுப் பக்கமும் இழுத்துக் கட்டணும். உங்க வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அவங்களுக்கும் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஃபோம் ரெண்டு இஞ்ச் போதும்."

அவள் நான்கு இஞ்ச் வாங்கினாள். இரண்டே போதுமென்றால் நான்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் எந்த மாணவனாவது இப்படிச் செய்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பாள்.

மறுநாள் காலையில் நாற்காலி குன்றுபோல் உயர்ந்து நின்றது. பழைய துணி மூன்று விரற்கடை போதவில்லை. முதுகுப் பக்கத்துத் துணியைப் பிரித்து உட்காரும் இடத்தில் ஒட்டுப்போட்டாள். முதுகு அம்மணமாயிற்று. அதற்குக் கூடத்து ஜன்னல் திரையை வெட்டினாள். ஜன்னல் அம்மணமாயிற்று. அதற்குப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். கட்டிலுக்கு மேசை விரிப்பு போயிற்று. வேதியியலில் இதற்குத் தொடர்வினை என்று பெயர். தானாக நிற்காது.

"அம்மாடி, என் புடவை பீரோவைப் பூட்டிட்டேன். தப்பா நினைச்சுக்காதே" என்றாள் மாமியார்.

"அத்தை, சிரிக்காதீங்க. மாமா வந்து என்ன சொல்வாரோ."

"நான் எங்கே சிரிச்சேன்?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான்கு மணிக்குக் கணவன் போன் செய்தான்.

"கிளம்பிட்டோம். இன்னும் ஒரு மணி நேரம்."

"மாமாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"பிரமாதம்! காலண்டர்ல பொடி எழுத்தெல்லாம் படிக்கறார்."

ஓர் ஆபரேஷன் வெற்றியடைந்ததற்காக அவள் வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டாள். கடைசி ஆணிகளைப் பார்க்காமலே அடித்தாள். இரண்டு அடி விரலில் விழுந்தது.

மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தார். ஜன்னலைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி இன்னொரு முறை பார்த்தார்.

"கண்ணாடியைப் போடுங்கப்பா" என்றான் கணவன். பிறகு அவனும் பார்த்துத் தன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான்.

"நான்தான் மாமா. பல்பு மாட்ட ஏறினேன். அது... ஒரு கயிறுதான்..."

மாமனார் அவள் கைகளைப் பார்த்தார். ஐந்து விரல்களில் பிளாஸ்திரி.

"ஏம்மா, நீயா தச்சே?"

அந்த ஒரு சொல்லுக்காக மூன்று மாதம் காத்திருந்தவள், வந்தபோது அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் மெல்லப் போய் உட்கார்ந்தார். கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கின. சட்டென்று அவர் புருவங்கள் இரண்டும் நெற்றிக்கு ஏறி, அவசரமாகக் கீழே இறங்கின. கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்துகொண்டார்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

கணவன் ஆசையாக நெருங்கினான். "எழுந்திருங்கப்பா, நானும் ஒரு தடவை..."

"ஒருத்தரும் உட்காரக் கூடாது!" மாமனாரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "நான் ஒருத்தன் மட்டும்தான். சொல்லிட்டேன்."

மருமகள் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். மாமியார் பின்னாலேயே வந்து அவள் தோளைத் திருப்பினாள்.

"ஒருத்தரும் உட்காரவே கூடாதுன்னு கத்திட்டாரே அத்தை. நான் பண்ணது அவ்வளவு பெரிய தப்பா?"

"அட அசடே, முதல்ல அதைத் தச்சவ நான்தான்" என்றாள் மாமியார். "ஆணி குத்தறது எனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் முப்பத்தோரு வருஷமா வேற யாரையும் அதுல உட்கார விடாம இருந்தார்."